நண்பர்கள் புகழ்ந்த மரப்பெட்டிக்கு என்ன விலை வைப்பது?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் உள்ள சின்னக் கொட்டகையில் ஐந்து வருடமாக மரவேலை செய்கிறேன், வார இறுதிகளில் மட்டும். காய் நறுக்கும் பலகை, மூடி போட்ட பெட்டி, குழந்தைகளுக்கு உருட்டு வண்டி என்று செய்து நண்பர்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் கொடுத்திருக்கிறேன். இப்போது முன்பின் தெரியாதவர்களும் விலை கேட்கிறார்கள். தொழிற்சாலைப் பொருளைவிட அதிகமாகச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. குறைத்துச் சொன்னால் கட்டுப்படியாகவில்லை. எதைச் செய்து விற்பது, எப்படி விலை வைப்பது?

பதில்: நீங்கள் கேட்பது விலையைப் பற்றி. ஆனாலும் மரத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. நண்பருக்குக் கொடுத்த பெட்டியின் மூடி இறுகிக்கொண்டால் அவர் உங்களைக் கூப்பிடுவார். நீங்களும் போய் இரண்டு இழைப்பு இழைத்துக் கொடுத்துவிட்டு வருவீர்கள். காசு கொடுத்து வாங்குகிறவர் வீட்டில் ஏசி ஓடுகிறதா, சுவரில் ஓதம் ஏறியிருக்கிறதா என்பது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் ஒருநாளும் பார்க்கப்போகாத வீட்டில் அந்தப் பொருள் தாக்குப்பிடிக்க வேண்டும். விற்பதற்காகச் செய்யும் வேலை இங்கேதான் வேறாகிறது. உங்கள் விலைக்கான நியாயமும் இங்கிருந்துதான் வருகிறது.

நான் விற்ற முதல் பெட்டிகளில் ஒன்று நான்கு மாதத்தில் திரும்பி வந்தது. மூடியின் நடுப்பலகையைச் சட்டத்துக்குள் வைத்து நாலு பக்கமும் பசை போட்டு இறுக்கியிருந்தேன். பலகைக்குச் சுருங்க இடமில்லை, நடுவில் நீளவாக்கில் பிளந்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த மூடி இன்னும் என் பட்டறைச் சுவரில் தொங்குகிறது.

காரணம் எளிது. மரத்தின் ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் அது சுருங்கத் தொடங்கும். அதன்பிறகு சுற்றியுள்ள காற்றுக்கு ஏற்ப ஈரத்தை வாங்குவதும் விடுவதுமாகவே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 30 சதவீதமாக உள்ள அறையில் மரம் ஏறக்குறைய 6 சதவீத ஈரத்தில் நிற்கும். காற்று 80 சதவீதமானால் 16ஐத் தொடும். நீளவாக்கில் இதனால் ஒன்றும் ஆகாது. அகலத்தில்தான் அசைவு. சாதாரணமாக அறுத்த பலகையில் ஈரம் 4 சதவீதம் மாறினால் அகலம் ஏறத்தாழ ஒரு சதவீதம் மாறும் என்று வைத்துக்கொள்ளலாம். 300 மில்லிமீட்டர் அகல மூடிக்கு அது 3 மில்லிமீட்டர். எந்தப் பசையும் அந்த அசைவை அடக்காது.

அதனால் நடுப்பலகையின் ஓரத்தைச் சட்டத்தில் எடுத்த காடிக்குள், அதாவது நீளப் பள்ளத்துக்குள், பசையில்லாமல் மிதக்க விடுங்கள். இரண்டு பக்கமும் இடைவெளி இருக்கட்டும். பலகை கடகடவென்று ஆடாமல் இருக்க வேண்டுமென்றால் நடுவில் ஒரே ஒரு புள்ளியில் மட்டும் பசை வையுங்கள். பலகை வாங்கி வந்ததும் அறுக்காதீர்கள். ஒன்றின்மேல் ஒன்று ஒட்டாதபடி இடையில் குச்சி வைத்து அடுக்கிச் சில வாரம் வீட்டுக்குள் போட்டு வையுங்கள். ஈரமானி இல்லாவிட்டாலும் பரவாயில்லை: ஒரு பலகையை வாரம் ஒருமுறை எடை போட்டு எழுதி வாருங்கள், எடை குறைவது நின்றதும் வேலையைத் தொடங்கலாம். அப்புறம், வெளிறு (மரத்தின் வெளிப்புற இளம்பகுதி) கலந்த பலகையை விற்கும் பொருளில் சேர்க்காதீர்கள். அதிலுள்ள மாவுச்சத்தைத் தேடித்தான் மரத்தை அரிக்கும் உளு வண்டு வரும். உள்ளே இருக்கும் வைரப்பகுதி மட்டும் போதும், கழிவு கூடினாலும் சரி.

இனி எதைச் செய்வது என்பதற்கு வருகிறேன். உங்கள் பட்டியலில் உருட்டு வண்டியை இப்போதைக்கு எடுத்துவிடுங்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் பொம்மையிலிருந்து கழன்று வரும் எந்தத் துண்டும் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனை உருளைக்குள் அடங்கக் கூடாது என்பது பொம்மைப் பாதுகாப்புத் தரங்களில் உள்ள விதி. குழந்தையின் தொண்டையை மனதில் வைத்து வகுத்தது அது. பல நாடுகளில் பொம்மையைச் சோதனைக்கு அனுப்பிச் சான்று வாங்காமல் விற்கவே முடியாது. உங்கள் நாட்டு விதியைப் பார்த்து, அந்தச் செலவைத் தாங்க முடிகிற காலத்தில் வண்டிக்குத் திரும்பலாம்.

காய் நறுக்கும் பலகையும் பெட்டியும் நல்ல தொடக்கம். இரண்டோடு நிறுத்துங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து. ஆளுக்கு ஒரு வடிவம் கேட்பார்கள், எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் ஒவ்வொரு முறையும் புதிதாக அளந்து புதிதாகத் தவறு செய்வீர்கள். ரம்பத்தை ஒரு அளவுக்குச் சரிபண்ணி நிறுத்த ஆகும் நேரம், ஒரு துண்டு அறுத்தாலும் இருபது துண்டு அறுத்தாலும் ஒன்றுதான். எட்டுப் பெட்டிக்கான பக்கங்களை ஒரே நாளில் அறுங்கள், மறுநாள் எல்லாவற்றுக்கும் காடி எடுங்கள். மூலை அறுப்புக்கு ஒரு ஜிக் (துண்டை ஒரே கோணத்தில் பிடித்துக்கொள்ளும் தாங்கி) செய்து வைத்துக்கொண்டால் மூலைமட்டம் வைத்துப் பார்க்கும் வேலை பாதியாகும்.

காய் நறுக்கும் பலகைக்கு வார்னிஷ் அடிக்காதீர்கள். கத்தி பட்டுப் படலம் உரியும், காயோடு கலக்கும். உணவுத் தரக் கனிம எண்ணெயும் தேன்மெழுகும் போதும். சமையல் எண்ணெய் பெரும்பாலும் நாளாவட்டத்தில் சிக்கு வாடை அடிக்கும். வால்நட் எண்ணெய் தடவினால் அதை எழுதிக் கொடுங்கள், கொட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் இருப்பார்கள். துண்டுகளை ஒட்ட நீர் தாங்கும் வகைப் பசைதான் வேண்டும். பெட்டிக்கு ஆளி விதை எண்ணெய் போடுவதானால் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள்: அந்த எண்ணெய் காயும்போது சூட்டை வெளியிடும். நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால் யாரும் தீ வைக்காமலே பற்றிக்கொள்ளும். கொட்டகை வீட்டை ஒட்டி இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். துணியை வெளியே விரித்துக் காயவிட்டு அப்புறம் எறியுங்கள்.

தூசியும் அப்படித்தான். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவிலேயே வைத்திருக்கிறது. வார இறுதியில் ஒரு பெட்டி தேய்ப்பது வேறு, எட்டுப் பெட்டி தேய்ப்பது வேறு. உப்புத்தாள் போடும் நாளில் என்95 முகக்கவசம் போடுங்கள். வேலை உடுப்போடு வீட்டுக்குள் போகாதீர்கள்.

சரி, விலை. ஒரு நோட்டு எடுத்து, அடுத்த எட்டுப் பெட்டிக்கும் ஆகும் நேரத்தை எழுதுங்கள். அறுப்பதும் ஒட்டுவதும் மட்டும் நேரமல்ல. மரம் தேர்ந்தெடுக்கப் போய் வந்தது, உளி தீட்டியது, படம் எடுத்தது, வாங்குகிறவருக்குப் பதில் எழுதியது, பொதி கட்டியது எல்லாம் சேர வேண்டும். பெரும்பாலானவர்கள் விடுவது இவற்றைத்தான். மொத்த நேரத்தை எட்டால் வகுங்கள். அதை ஒரு மணிக்கூலியால் பெருக்குங்கள்: உங்களைப் போலத் திறமுள்ள ஒருவரை வேலைக்கு வைத்தால் என்ன கொடுப்பீர்களோ அதுதான் கூலி. பொழுதுபோக்குதானே என்று இங்கே குறைக்காதீர்கள்.

மரத்தின் செலவையும் வாங்கிய கணக்கில் போடுங்கள். கணுவும் வெளிறும் பிளவும் போக, பலகையில் 70 சதவீதம்தான் பெட்டியாகிறது என்று வையுங்கள். பெட்டியில் தெரியும் மரத்தின் விலையை 0.7ஆல் வகுத்தால்தான் உண்மைச் செலவு வரும். உப்புத்தாள், பசை, மின்சாரம், ரம்பத் தகடு தேய்வது எல்லாவற்றுக்கும் ஒரு பங்கு சேருங்கள்.

விற்பனைத் தளத்தின் தரகில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். உங்கள் கைக்கு 1000 வர வேண்டும், தளம் 20 சதவீதம் எடுக்கிறது. 1200 என்று விலை வைத்தால் கைக்கு 960தான் வரும். 1000ஐ 0.8ஆல் வகுத்து 1250 வைக்க வேண்டும். கடையில் வைத்து விற்றால் பாதிவரை கேட்பவர்களும் உண்டு. அதனால் நேரில் வாங்குகிறவருக்கும் அதே முழு விலையையே சொல்லுங்கள். நேரில் குறைத்து விற்றால் எந்தக் கடைக்காரரும் உங்கள் பொருளை எடுக்க மாட்டார்.

இப்படி வரும் எண் தொழிற்சாலைப் பெட்டியைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். கூச்சம் அங்கேதான் வருகிறது, தெரியும். ஆனால் தொழிற்சாலையால் செய்ய முடிந்தும் செய்யாத வேலைகள் இருக்கின்றன. பெட்டியின் நாலு பக்கத்தையும் ஒரே பலகையிலிருந்து வரிசை மாறாமல் அறுத்துச் சேர்த்தால், மரத்தின் ரேகை மூன்று மூலைகளில் அறுபடாமல் திரும்பி ஓடும். நாலாவது மூலையில் மட்டும்தான் ரேகை சேராது. அதைப் பின்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கும்போது ஜன்னலோர வெளிச்சத்தில் ரேகை திரும்பி ஓடும் மூலையைத்தான் காட்ட வேண்டும். மூடியின் மிதக்கும் பலகையைப் பற்றியும் இரண்டு வரி எழுதிச் சேருங்கள். விலை ஏன் கூடுதல் என்று யாரும் கேட்கும் முன்னாலேயே பதில் கண்முன் இருக்கும்.

அளவு சொல்லிச் செய்யச் சொன்னால், அளவையும் மரத்தையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு பாதிப் பணத்தை முன்பணமாகக் கேளுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணமிருந்தால் ஈட்டி மரத்தைத் தவிர்ப்பது நல்லது. அது அடங்கிய டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் உள்ளது. பொருளின் எடையைப் பொறுத்து விதி மாறுகிறது, அனுப்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் எட்டில் ஏழு பெட்டியை மட்டும் விற்பனைக்கு வையுங்கள். எட்டாவதன் அடியில் பென்சிலால் தேதி எழுதி உங்கள் வீட்டிலேயே வைத்து தினமும் திறந்து மூடுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் தாண்டியபின் மூடியின் நடுப்பலகையை நகர்த்தி, காடியில் எவ்வளவு இடைவெளி மிஞ்சியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். அடுத்த வரிசைக்குக் காடியின் ஆழத்தை அதிலிருந்து முடிவு செய்யலாம்.