பதவிப் பெயரா, வேலையா? கேள்வி பதில்

கேள்வி: சம்பளம் ஏறாது, 'சீனியர் மேனேஜர்' என்ற பெயர் மட்டும் தருகிறோம் என்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா சார்?

பதில்: முதலில் நான்கு விஷயம் கேளுங்கள். மேலே கேட்காமல் எவ்வளவு தொகைக்கு நீங்கள் கையெழுத்துப் போடலாம்? ஆள் எடுப்பதில் முடிவு உங்களுடையதா? ஆண்டு மதிப்பீட்டில் உங்களை எதை வைத்து அளப்பார்கள்? உள் கிரேடு, அதாவது நிறுவனத்துக்குள் உங்கள் படிநிலை, மாறுகிறதா? கடைசிக் கேள்விதான் முக்கியம். சம்பள வரம்பும் போனஸும் பெரும்பாலும் கிரேடை ஒட்டியே போகும்; பெயர் கொடுக்க நிறுவனத்துக்குச் செலவே இல்லை. கிரேடு மாறாதென்றால், ஆறு மாதத்தில் சம்பளத்தைத் திரும்பப் பார்ப்போம் என்று மின்னஞ்சலிலாவது எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு, மேலாளர் மாறினால் காற்றோடு போய்விடும்.

கேள்வி: சின்ன நிறுவனத்தில் 'டைரக்டர்' நான். பெரிய இடத்தில் 'சீனியர் அனலிஸ்ட்' தருகிறார்கள். இறங்குவதா?

பதில்: இரண்டு பெயர்களையும் ஒரே தராசில் வைக்க முடியாது. உதாரணமாக, முதலீட்டு வங்கிகளில் அனலிஸ்ட், அசோசியேட்டுக்கு அடுத்த படிதான் வைஸ் பிரசிடென்ட். நிறுவனத் தலைவருக்கு அடுத்தவர் என்று பொருளில்லை. மொத்தச் சம்பளம், யாரிடம் ரிப்போர்ட் செய்வீர்கள், முதல் ஆண்டில் எதை முடித்துத் தரவேண்டும் என்ற மூன்றையும் ஒப்பிடுங்கள்.

கேள்வி: ரெஸ்யூமேயில் பெயரைக் கொஞ்சம் உயர்த்தி எழுதினால்?

பதில்: வேண்டாம். பின்னணிச் சரிபார்ப்பில் அனுபவச் சான்றிதழோடு ஒத்துப்பார்ப்பார்கள். பெயர் இடித்தால் வந்த வேலையும் போகும். அதிகாரபூர்வப் பெயரை அப்படியே போட்டு, அடுத்த வரியில் செய்த வேலையை எழுதுங்கள்.

கேள்வி: பதவி பெரியது, வேலையில் பிடிப்பே இல்லை. குறை எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: 1959-லேயே உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் அந்தஸ்தைச் சம்பளத்தோடு சேர்த்து ஒரே பட்டியலில் வைத்தார்: இல்லாவிட்டால் புகைச்சல், இருந்தாலும் ஊக்கம் வராது. குறையைத் தேட ஹாக்மன், ஓல்டாம் என்ற ஆய்வாளர்கள் 1970-களில் வகுத்த ஐந்து அம்சங்கள் கைகொடுக்கும்: பலவகைத் திறன், முழுவேலை (தொடக்கம் முதல் முடிவுவரை உங்கள் கையில் இருப்பது), பிறருக்குள்ள பயன், சுதந்திரம், பின்னூட்டம்.

இரண்டு வாரம் செய்த வேலைகளை நாள்தோறும் குறித்துவைத்து, ஒவ்வோர் அம்சத்துக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் போடுங்கள். முதல் மூன்றின் சராசரியைச் சுதந்திரத்தால் பெருக்கி, வருவதைப் பின்னூட்டத்தால் பெருக்க வேண்டும். கூட்டல் இல்லை, பெருக்கல். அதனால் பின்னூட்டம் 1 ஆனால் மற்றதெல்லாம் நன்றாக இருந்தும் மொத்தமே படுத்துவிடும். மேலே போகப் போக அடிவாங்குவது முழுவேலையும் பின்னூட்டமும்தான். நாள் முழுக்க மீட்டிங், ஒப்புதல், ஸ்லைடு. செய்தது யாருக்கு உதவியது என்று தெரியவே தெரியாது. அப்படியென்றால் ஒரு சிறு வேலையை முழுசாக உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை அதைப் பயன்படுத்துபவரோடு நேரடியாகப் பேசுங்கள். ஐந்தையும் ஒரே நேரத்தில் சரிசெய்யப் போனால் எது பலன் தந்தது என்றே புரியாது.

சுதந்திரம்தான் 1 என்றால் விஷயம் வேறு. அது மேலதிகாரி விட்டுக்கொடுத்தால்தான் வரும். எந்தெந்த முடிவை நீங்களே எடுக்கலாம் என்று பட்டியல் போட்டு அவரிடம் கேளுங்கள். ஒன்றுகூடத் தரமாட்டார் என்றால் இடம் மாறுவதே வழி.

கேள்வி: நான் புரோகிராமர். மேனேஜராகச் சொல்கிறார்கள். மறுத்தால் வளர்ச்சி நின்றுவிடுமா?

பதில்: தொழில்நுட்பத்துக்கெனத் தனி ஏணி (மேனேஜர் ஆகாமலே பதவி உயரும் வழி) இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. 'இருக்கிறது' என்பார்கள், அதன் மேற்படியில் இப்போது யார் இருக்கிறார், மேனேஜருக்குச் சமமான கிரேடா என்று கேளுங்கள். ஆளே இல்லையென்றால் ஏணி காகிதத்தில்தான். மேனேஜர் வேலையைப் பார்க்க ஆசை இருந்தால், ஆறு மாதம் பொறுப்பு அடிப்படையில் எடுத்து, பிடிக்காவிட்டால் பழைய கிரேடிலேயே திரும்பலாம் என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.