சாபி சாண்ட் லாட்ஜும் நான்கு வயதுப் பையனும்

நான்கு வயதுப் பையனோடு ஜூலையில் தென்னாப்பிரிக்கா போகிறோம், சாபி சாண்ட் என்ற தனியார் வனவிலங்குக் காப்பகத்தில் உள்ள லாட்ஜுக்கு முன்பணம் கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட்டுக் கட்டிவிடாதீர்கள். பையனை சஃபாரி வண்டியில் ஏற்றுவார்களா என்று முதலில் மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்குங்கள், ஏனென்றால் அங்கே வண்டிகள் திறந்தவை, சிறுத்தைக்கு வெகு பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்துவார்கள், அதனால் பல லாட்ஜுகள் ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வண்டியில் ஏற்றுவதில்லை. தனி வண்டி எடுத்தால் சிலர் சம்மதிப்பார்கள், கட்டணம் தனி. இல்லாவிட்டால் நீங்கள் இருவரும் மாறி மாறித்தான் போக வேண்டும், அவ்வளவு பணம் கொடுத்து அது தேவையா?

அப்புறம் மலேரியா. பக்கத்திலுள்ள க்ரூகர் தேசியப் பூங்காவுக்கும் சாபி சாண்டுக்கும் நடுவில் இருந்த வேலியை 1993-இல் எடுத்துவிட்டார்கள், இரண்டுமே மலேரியா உள்ள பகுதி. ஜூலை குளிர்காலம், ஆபத்து குறைவுதான், ஆனாலும் குழந்தை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால் மடிக்வே காப்பகத்துக்குப் போங்கள். போட்ஸ்வானா எல்லையோரம், மலேரியா கிடையாது, குழந்தைகளுக்கென்றே ஏற்பாடு செய்யும் லாட்ஜுகள் உண்டு, யானை, சிங்கம், காட்டுநாய் எல்லாம் பார்க்கலாம். சிறுத்தை மட்டும் சாபி சாண்ட் அளவுக்குக் கண்ணில் படாது. எங்கே போனாலும் விடியற்காலைச் சவாரிக்குப் பையனுக்குக் குல்லாயும் கையுறையும் கட்டாயம் எடுங்கள்.