கொரோனா தடுப்பூசிக்குப் பின் நெஞ்சுவலி: இதய மருத்துவர் பதில்கள்

கேள்வி: மகனுக்கு 17 வயது, சிங்கப்பூரில் படிக்கிறான். ஃபைசர் இரண்டாவது டோஸ் போட்ட மூன்றாம் நாள் நெஞ்சு வலிக்கிறது என்கிறான். வாயுவாக இருக்குமா டாக்டர்?

பதில்: ஓமத் தண்ணீர் குடித்துப் பார்க்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள் அம்மா. இன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகச் சொல்லுங்கள். இளவயது ஆண், இரண்டாவது டோஸ், முதல் வாரம். இதயத் தசை அழற்சி பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. அமெரிக்கக் கணக்குப்படி 16, 17 வயதுப் பையன்களுக்குப் போட்ட 10 லட்சம் இரண்டாவது ஃபைசர் டோஸுக்குச் சுமார் 106 பேர். அரிதுதான். ஆனால் வலி வந்த பிறகு அந்தக் கணக்கை நம்பி வீட்டில் இருக்க முடியாது. ஈசிஜி நார்மல் என்று அனுப்பப் பார்த்தால், ‘ட்ரோபோனின் பார்த்தீர்களா?’ என்று கேட்கட்டும். இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கூடும் புரதம் அது.

கேள்வி: எனக்கு அதே அழற்சி வந்து சரியாகிவிட்டது. ஜிம்முக்கு எப்போது போகலாம்?

பதில்: பெரும்பாலோர் சில நாட்களில் வீடு திரும்பிவிடுகிறார்கள். ஆனால் ஜிம், ஃபுட்பால் எல்லாம் 3 முதல் 6 மாதம் கிடையாது. அழற்சி அடங்காத தசைக்கு வேலை கொடுத்தால் துடிப்பு தாறுமாறாகலாம். உங்கள் டாக்டர் திரும்பப் பரிசோதித்துச் சரி சொன்ன பிறகு மெதுவாகத் தொடங்குங்கள்.

கேள்வி: மூச்சை இழுத்தால் குத்துகிறது. நுரையீரலா?

பதில்: மல்லாந்து படுத்தால் வலி கூடி, முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் குறைகிறதா? அப்படியானால் என் முதல் சந்தேகம் இதய உறை மேல்தான். நுரையீரல் உறையும், ரத்தக் கட்டியும்கூட இப்படிக் குத்தும். எனவே நேரில் காட்டுங்கள். ஊசிக்குப் பின் நுரையீரலே அழற்சியானதாகப் பதிவானவை தனித்தனி நோயாளிகளின் குறிப்புகள்தான். அவற்றில் வறட்டு இருமலும் மூச்சுத் திணறலும் முன்னே நிற்கும்.

கேள்வி: 2021இல் கோவிஷீல்டு போட்டேன். இளைஞர்கள் திடீர் திடீரென இறக்கிறார்களே, பயமாக இருக்கிறது.

பதில்: கோவிஷீல்டு, ஃபைசர் போன்றதல்ல; வேறு வகை ஊசி. அதன் அரிய ஆபத்து, தட்டணுக்கள் குறைந்து ரத்தம் உறைவது. அதுவும் சில வாரங்களுக்குள் வருவது. திடீர் மரணம் பற்றிச் சென்னையிலுள்ள தேசிய நோய்ப் பரவலியல் நிறுவனம் 47 மருத்துவமனைகளை வைத்து, 18 முதல் 45 வயதுக்காரர்களிடம் ஆராய்ந்தது. தடுப்பூசி ஆபத்தைக் கூட்டவில்லை. குடும்பத்தில் திடீர் மரணம், மிதமிஞ்சிய குடி, கடைசி 48 மணி நேரத்தில் கடும் உடற்பயிற்சி, இவை போன்றவைதான் கூட்டின. வாட்ஸப்பில் இது சுற்றாது, என்ன செய்ய?

கேள்வி: முதல் டோஸில் அழற்சி வந்தவர் அடுத்தது போடலாமா?

பதில்: உறுதியான அழற்சி என்றால் அதே வகை ஊசியைப் பொதுவாகத் தவிர்ப்போம். டிஸ்சார்ஜ் சம்மரியோடு இதய மருத்துவரைப் பாருங்கள்.