அமெரிக்காவில் எட்டுப் பேராக உணவகத்துக்குப் போனோம். பில்லிலேயே 18% டிப்ஸ் சேர்த்துவிட்டார்கள், கார்டு ரசீதிலும் டிப்ஸுக்குக் காலி இடம் இருந்தது. மறுபடியும் டிப்ஸ் வைக்க வேண்டுமா?

வேண்டாம். 18 சதவீதம் ஏற்கெனவே சேர்ந்திருந்தால், கார்டு ரசீதில் டிப்ஸுக்கான காலி இடத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு, மொத்தத் தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

எட்டுப் பேராகப் போனதுதான் காரணமாக இருக்கும். ஆறு பேருக்கு மேல் உட்கார்ந்தால் அங்கே பல உணவகங்கள் தாமாகவே சேர்த்துவிடும். மெனுவின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்தக் காலி இடம் இயந்திரம் எல்லா ரசீதிலும் அச்சடிப்பது, பரிமாறியவர் இன்னும் கேட்கிறார் என்று அர்த்தமில்லை.

அடுத்த முறை விவர பில்லில் ‘கிராச்சுவிட்டி’யா (அங்கே டிப்ஸுக்கு இன்னொரு பெயர்) ‘சர்வீஸ் சார்ஜ்’ஆ (உணவகம் போடும் சேவைக் கட்டணம்) என்று பாருங்கள். சர்வீஸ் சார்ஜ் என்றால் அது முழுதும் பரிமாறியவருக்குப் போகாமல் இருக்கலாம். யாருக்குப் போகிறது என்று கேட்டுவிடுங்கள், தப்பே இல்லை.

ஆனால் எதுவுமே சேர்க்காத பில்லில் வெறுங்கோடு போட்டுவிடாதீர்கள். மேசைக்கு வந்து பரிமாறினால் 15 முதல் 20 சதவீதம் எதிர்பார்ப்பார்கள். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி நேரடியாகத் தரவேண்டிய மணிக்கூலி, மத்தியச் சட்டப்படி 1991 முதல் 2.13 டாலர்தான். கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களில் முழுக் குறைந்தபட்சக் கூலி உண்டு. எதிர்பார்ப்பு என்னவோ அங்கேயும் அப்படியேதான். கவுன்டரில் நீங்களே வாங்கிக்கொண்டால் மட்டும், பணம் கட்டும் திரை டிப்ஸ் கேட்டாலும் ‘வேண்டாம்’ என்று அழுத்தலாம்.