பழைய ஃபோர்டு 8என் டிராக்டருக்கு எந்த ஸ்பார்க் பிளக் போடலாம்?

1947 முதல் 1952 வரை அமெரிக்காவில் செய்த பெட்ரோல் வண்டி, பிளக் அடிக்கடி கரி பிடிக்கிறது, எதை மாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். புல் வெட்டுவது, டிரெய்லர் இழுப்பது போன்ற லேசான வேலைதான் என்றால் ஆட்டோலைட் 437 போடுங்கள். குறைந்த வேகத்தில் ஓடும் பழைய எஞ்சினில் பிளக் நுனி போதுமான அளவு சூடாவதில்லை, அதனால் கரி எரிந்து போகாமல் படிந்துவிடும்; 437 சற்று சூடான வகை, அந்தக் கரியை அதுவே எரித்துவிடும். நாள் முழுக்க உழவு என்றால் சாம்பியன் எச்10 போதும்.

வேறு கம்பெனி வாங்கினால் எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். சாம்பியனில் எண் கூடினால் சூடான வகை, என்ஜிகேயில் அப்படியே தலைகீழ். மரை 14 மி.மீ. என்பது மட்டும் பொருந்தினால் போதாது, மரையின் நீளமும் சரியாக இருக்க வேண்டும், நீளமானதை மாட்டினால் உள்ளே வால்வில் இடித்துவிடும்.

பிளக் நுனியில் தீப்பொறி தாண்டும் இடைவெளி 0.025 அங்குலம். புதுப் பிளக்கானாலும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள்.

புதுப் பிளக் மாட்டும் முன் கழற்றிய பழைய பிளக்கை வெளிச்சத்தில் பாருங்கள். இளம்பழுப்பு என்றால் எல்லாம் சரி. உலர்ந்த மைபோல் கறுப்பு என்றால் கார்புரேட்டரில் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது சோக் முழுதாகத் திறக்கவில்லை. எண்ணெய்ப் பசையோடு ஈரமாக இருந்தால் பெரும்பாலும் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும், அப்போது எவ்வளவு நல்ல பிளக் போட்டாலும் மறுபடி கரிதான், முதலில் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள்.