“நல்லா இருக்கேன்மா” என்று பொய் சொல்கிறேன்

கேள்வி: சங்கரன்கோவில் பக்கம் கிராமத்தில் தமிழ் வழியில் படித்தேன். கோவையில் பொறியியல் சேர்ந்து ஆறு வாரம் ஆகிறது. பாடமெல்லாம் ஆங்கிலம். ரூமில் மற்ற மூவரும் சென்னைப் பெண்கள். அவர்கள் சிரித்தாலே என்னைத்தானோ என்று தோன்றுகிறது. இங்கே எதுவுமே பிடிக்கவில்லை. அம்மாவிடம் “நல்லா இருக்கேன்மா” என்று சொல்லிவிட்டு குளியலறையில் அழுகிறேன். படிப்பை விட்டுவிடலாமா, மேடம்?
– முதலாண்டு மாணவி

பதில்: கண்ணு, நான் பத்தொன்பது வருடம் ஹாஸ்டல் வார்டனாக இருந்தவள். ஆகஸ்ட், செப்டம்பர் ராத்திரிகளில் குளியலறைக் குழாய் வெகுநேரம் ஓடினால் உள்ளே ஒரு பிள்ளை அழுகிறது என்று எனக்குத் தெரியும். வருடம் தவறாமல் ஓடும். அவர்களில் ஆங்கில வழியில் படித்தவர்களும் உண்டு.

‘எதுவுமே பிடிக்கவில்லை’ என்கிறாயே, அதைப் பிரித்துப் பார். பாடம் புரியாதது பயம். அம்மா நினைப்பு ஏக்கம். ரூமில் வருவது சந்தேகம். மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் யாரால்தான் தூக்க முடியும்? உணர்வு நுண்ணறிவு, அதாவது உணர்வுகளைப் புரிந்து கையாளும் திறன் பற்றி 1990இல் எழுதிய உளவியலாளர்கள் பீட்டர் சலோவியும் ஜான் மேயரும்கூட, தன் மனதில் இருப்பது என்ன என்று அடையாளம் காண்பதில்தான் தொடங்குகிறார்கள்.

பயத்துக்கு வழி இருக்கிறது. வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் தமிழிலேயே கேள். புரியாத சொற்களை அன்றன்றே ஒரு நோட்டில் எழுது.

சந்தேகம்தான் பொல்லாதது. நான் ஹாஸ்டலில் சேர்ந்தபோது அம்மா கொடுத்த பருப்புப் பொடி டப்பாவைத் திறந்து மோந்து பார்ப்பேன், தீர்ந்துவிடுமே என்று சாப்பிட மாட்டேன். ஒருநாள் பக்கத்துக் கட்டில்காரி “என்ன வாசனை?” என்றாள். அன்றே பாதி டப்பா காலி. அதுவரை அவளைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்திருந்தேன். நாளைக்கு அவர்கள் மெஸ்ஸுக்குக் கிளம்பும்போது “நானும் வர்றேன்” என்று சொல்.

2011இல் வால்டன், கோஹன் என்ற இருவர் அமெரிக்காவில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ‘இது நம் இடமில்லை’ என்ற எண்ணம் முதலாண்டில் பலருக்கும் வரும், போகப்போகக் குறையும் என்று சீனியர்கள் சொன்னதைப் புதியவர்களைப் படிக்கவைத்தார்கள். அதைப் படித்த கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் அடுத்த மூன்று வருடங்களில் உயர்ந்தது. உன் ஊர்ப்பக்கத்து சீனியர் ஒருத்தியைத் தேடிப் பிடித்துக் கேட்டுப் பார்.

படிப்பை விடுவது பற்றி இந்த செமஸ்டர் முடியட்டும், அப்புறம் யோசிக்கலாம். ஆனால் தூக்கமும் சாப்பாடும் கெட்டால் காத்திருக்காதே. அரசின் மனநல உதவி எண் 14416இல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

சரி, இன்று ராத்திரி அம்மாவிடம் ஒரே ஒரு உண்மை சொல்: “லேப்ல ஒண்ணும் புரியலம்மா.” அவர் பயந்துவிட மாட்டார். உன் குரலை வைத்தே பாதி தெரிந்திருக்கும்.