நாய்களுக்குப் போடுகிற கண்ணுக்குத் தெரியாத மின்னணு வேலி வெள்ளாடுகளுக்கு ஒத்துவருமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: ஏழெட்டு வெள்ளாடுகள், கொஞ்சம் நிலம், ஒரு பக்கம் காய்கறித் தோட்டம், இன்னொரு பக்கம் வண்டி ஓடும் சாலை. கம்பி வேலி போடாமல், நாய்க்குச் செய்கிற மாதிரி மண்ணுக்குள் ஒரு கம்பியைப் புதைத்து, ஆடுகளின் கழுத்தில் பட்டை மாட்டிச் சமாளிக்க முடியுமா?

முடியாது. உங்கள் இடத்துக்கு வேண்டாம். ஆனால் இதே பெயரில் இன்னொரு சாதனமும் விற்கிறது, ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை. அது வேறு கதை, அதற்கும் வருகிறேன்.

முதலில் புதைகம்பி. 1973இல் ரிச்சர்ட் பெக் என்ற அமெரிக்கர் நாய்களுக்காகக் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு. நிலத்தைச் சுற்றிக் கம்பியைப் புதைத்து, இரண்டு முனைகளையும் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டரில் சேர்க்க வேண்டும். கம்பியில் ஓடுவது ரேடியோ சிக்னல் மட்டுமே, அதை மிதித்தால் யாருக்கும் ஷாக் அடிக்காது. பட்டை கம்பியை நெருங்கியதும் பீப் அடிக்கும். இன்னும் நெருங்கினால், தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு உலோக முனைகள் வழியாகப் பட்டையின் பேட்டரியே சுருக்கென்று ஒன்று கொடுக்கும்.

நாய்க்கு இது ஓரளவு வேலை செய்வதற்குக் காரணம் கம்பி அல்ல, பழக்குவதுதான். எல்லையில் சின்னச் சின்னக் கொடிகள் நட்டு, கயிற்றில் பிடித்து நடத்திப் போய், பீப் கேட்டதும் திருப்பி இழுத்து, தட்டிக்கொடுத்து, இப்படிப் பல நாள். நாய்க்கு வீட்டில் இருக்கவும் பிடிக்கும். வெள்ளாடு அப்படி இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற குழைதான் அதற்கு எப்போதும் ருசி. ஒரு ஷாக் வாங்கினால் ஒரு பாத்தி கீரை கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால், கணக்குப் போட்டுப் பார்த்துத் தாண்டிவிடும். சிக்னல் எட்டும் தூரம் பொதுவாகக் கம்பியிலிருந்து ஒன்றிரண்டு மீட்டர்தான் இருக்கும், ஓடுகிற ஆட்டுக்கு அது ஒரு நொடி.

அதைவிட மோசம், தாண்டிய பிறகு நடப்பது. வெளியே போன ஆடு மந்தையைத் தேடித் திரும்பும்போது அதே கம்பி அதே ஷாக்கைக் கொடுக்கும். போகும்போது கீரை மேல் ஆசை இருந்தது. வரும்போது என்ன இருக்கிறது? வெளியிலேயே நின்று கத்தும். உள்ளே இருப்பவை அந்தச் சத்தத்துக்குப் பரபரக்கும்.

குட்டிகளை யோசித்துப் பாருங்கள். சின்னக் குட்டியின் கழுத்தில் இந்தப் பட்டையை மாட்ட முடியாது. அது இஷ்டத்துக்கு வெளியே போய் நின்று "மே" என்று ஒரு குரல் கொடுத்தால், தாய் எந்த ஷாக்கையும் வாங்கிக்கொண்டு போகும். பருவத்தில் இருக்கிற கிடாவும் அப்படித்தான். பெட்டையின் வாசம் அடுத்த வேலியிலிருந்து வந்துவிட்டால் அதற்குப் பட்டையும் ஒன்றுதான், பூமாலையும் ஒன்றுதான்.

பட்டையிலேயே ஒரு சிக்கல் உண்டு. உலோக முனைகள் தோலில் பட்டால்தான் ஷாக். ஆட்டின் கழுத்தில் மயிர், கிடாவானால் தாடி வேறு. தளர்வாக மாட்டினால் பட்டை சுழன்றுவிடும்; பின்னங்காலில் எழும்பி நின்று கிளையை இழுக்கும்போது மேலே ஏறிவிடும். இறுக்கி மாட்டினால் முனை அழுத்தி அழுத்திப் புண் வரும், அதில் ஈ உட்காரும். இதற்கு நேர்மாறாக, சாதாரண மின்வேலி ஏன் ஆட்டிடம் பலிக்கிறது தெரியுமா? புதிதாக எதைப் பார்த்தாலும் ஆடு மூக்கை நீட்டும். ஈரமான மூக்கில் ஒரு முறை பட்டால் அந்தக் கம்பி இருக்கும் பக்கமே போகாது. கண்ணால் பார்க்கவும் முடிகிறது, அதனால் எது தன்னை அடித்தது என்பதில் அதற்குக் குழப்பமே இல்லை.

ஒரு விஷயத்தில் பட்டைக்குத்தான் சாதகம், அதையும் சொல்லிவிடுகிறேன். மின்வேலியில் மின்சாரம் ஆட்டின் உடல் வழியாக மண்ணுக்குப் போய் எர்த் கம்பி மூலம் திரும்ப வேண்டும். மண் காய்ந்து கிடந்தால் ஷாக் வீரியம் குறைந்துவிடும். பட்டையில் இரண்டு முனையும் கழுத்திலேயே இருப்பதால் மண் ஈரமா, காய்ச்சலா என்ற கவலை இல்லை.

ஆடுகளுக்கு ரேடியோ ஷாக் பட்டை மாட்டிப் பார்ப்பது புதிய யோசனையும் அல்ல. 1989இலேயே, வேலி இல்லாமல் மேயும் வெள்ளாடுகளை இப்படி நிறுத்த முடியுமா என்று ஆய்வுக் கட்டுரை வந்துவிட்டது. அதற்கப்புறமும் புதைகம்பி ஆட்டுப்பட்டிகளில் பரவவில்லை.

சரி, ஜிபிஎஸ் பட்டை. இதில் கம்பியே கிடையாது. போனில் வரைபடத்தைத் திறந்து விரலால் கோடு போட்டால் அதுதான் எல்லை. நார்வேயின் நோஃபென்ஸ் நிறுவனம் இதை முதலில் வெள்ளாடுகளுக்காகத்தான் செய்தது. மாடும் செம்மறியும் அப்புறம் வந்தவை. ஆடு எல்லையை நெருங்கும்போது பட்டை ஒரு ராகம் மாதிரி ஒலிக்கத் தொடங்கி, போகப் போகச் சுருதி ஏறும். ஆடு திரும்பிவிட்டால் ஒலி நின்றுவிடும், ஷாக் இல்லை. திரும்பாமல் போனால் ஒரு சின்ன ஷாக், சாதாரண மின்வேலி தருவதைவிட இது குறைவு. இப்படி மூன்று முறை ஒலியும் ஷாக்கும் வாங்கியும் போய்விட்டால், ஆடு தப்பிவிட்டது என்று உங்கள் போனுக்குச் செய்தி அனுப்பிவிட்டுப் பட்டை ஓய்ந்துவிடும். திரும்பி உள்ளே வருகிற ஆட்டைத் தண்டிக்காது. புதைகம்பிக்கும் இதற்கும் எனக்குத் தெரிந்து மிகப் பெரிய வித்தியாசம் இதுதான்.

இன்னொன்று, இங்கே ஆடு இடத்தைப் பழகுவதில்லை, ஒலியைப் பழகுகிறது. அதனால்தான் இன்று இந்தச் சரிவு, அடுத்த வாரம் அந்தச் சரிவு என்று கோட்டை நகர்த்த முடிகிறது. பழக்கும்போது ஏற்கெனவே நல்ல வேலி உள்ள இடத்தில் மூன்று பக்கம் நிஜ வேலியும் ஒரு பக்கம் மட்டும் போனில் போட்ட கோடுமாக வைத்துத் தொடங்க வேண்டும். எங்கள் மந்தையில் முன்னால் நடக்கிற ஒரு கிழட்டுப் பெட்டை உண்டு. ஒலி கேட்டதும் அது கழுத்தைத் திருப்பினால் மற்றவை யோசிக்காமல் திரும்பும். எந்த மந்தையிலும் அப்படி ஒன்று இருக்கும், முதலில் அதைப் பழக்குங்கள். அது முரட்டுத்தனமாகத் தாண்டுகிற ரகமாக இருந்தால் மந்தையே போய்விடும், அப்போது அதைத் தனியாகக் கட்டி வைப்பதுதான் வழி.

இனி இதன் பலவீனம். ஜிபிஎஸ் சில மீட்டர் முன்பின் காட்டும். அடர்ந்த மரங்களுக்குக் கீழேயும் செங்குத்தான பள்ளத்திலும் இன்னும் தடுமாறும். ஆகவே நீங்கள் போனில் போடுகிற கோடு ஒரு மெல்லிய கோடாகத் தெரிந்தாலும், ஆட்டுக்கு அது அகலமான, கொஞ்சம் நகர்ந்துகொண்டே இருக்கிற ஒரு பகுதி. பெரிய மேய்ச்சல் நிலத்தில் இது ஒரு பொருட்டே இல்லை. உங்கள் மாதிரி சின்ன இடத்தில், தோட்டத்துக்கும் மந்தைக்கும் நடுவே நாலு மீட்டர்தான் என்றால், ஆடு நியாயமான இடத்தில் நிற்கும்போதே ஒலி வரும், அல்லது கத்தரிச் செடியில் வாய் வைத்த பிறகு வரும். கூர்மையான மூலைகளும் ஒடுக்கமான சந்துகளும் வருகிறபடி கோடு போடவே கூடாது, எந்தப் பக்கம் திரும்பினால் ஒலி நிற்கும் என்று ஆடு குழம்பிப்போகும். தண்ணீர்த் தொட்டி கோட்டுக்குள் இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். தகரக் கூரைக் கொட்டகைக்குள் ஜிபிஎஸ் உளறும். அந்த இடத்தில் பட்டையை அடக்கி வைக்க ஒரு சிறு ப்ளூடூத் கருவி உண்டு. அதையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

பட்டையில் சோலார் தகடு இருக்கிறது. ஆனால் ஆட்டுக்கு நிழல் பிடிக்குமே! நாளெல்லாம் புதருக்குள் கிடக்கிற மந்தைக்கும், மூடம் போட்ட மழை நாள்களுக்கும் பேட்டரியை அடிக்கடி கவனிக்க வேண்டியிருக்கும். டவர் கிடைக்காத இடத்தில் பழைய எல்லை பட்டையில் பதிந்திருப்பதால் அது தொடர்ந்து வேலை செய்யும். புதிய கோடும், தப்பிய செய்தியும்தான் டவர் வந்த பிறகு போய்ச் சேரும். நடு ராத்திரியில் ஆடு வெளியேறினால் இந்த வித்தியாசம் உங்களுக்கு உறைக்கும்.

இரண்டு வகைக்கும் பொதுவான ஒரு குறை இருக்கிறது, எனக்கு இதுதான் முக்கியம். வேலி என்பது ஆட்டை உள்ளே வைக்க மட்டுமல்ல, வெளியே இருப்பதை வெளியே நிறுத்தவும்தான். பட்டையில் இருக்கிற வேலி தெருநாயைத் தடுக்காது, நரியைத் தடுக்காது, ஆட்டைப் பிடித்துக்கொண்டு போகிற ஆளையும் தடுக்காது. நாய் துரத்தி ஓடுகிற ஆடு எந்த ஒலிக்கும் நிற்காது, நிற்கவும் கூடாது. ஆகவே நான் இதை மேய்ச்சலைப் பிரிக்கிற கருவியாகத்தான் பார்க்கிறேன், அடைத்து வைக்கிற கருவியாக அல்ல. வெளிச்சுற்றில் உறுதியான வேலி, உள்ளே இன்றைக்கு எங்கே மேய வேண்டும் என்பதற்குப் பட்டை, ராத்திரிக்குப் பட்டி. குத்துக்கல் ஊன்ற முடியாத மலைச்சரிவிலும், காட்டு விலங்குகள் குறுக்கே போய்வர வேண்டிய நிலத்திலும் இது உண்மையிலேயே அருமையான சாமான்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். வேல்ஸில் 2010லேயே நாய், பூனைகளுக்கு ஷாக் பட்டையைத் தடை செய்துவிட்டார்கள். கால்நடைகளுக்கான விதி நாட்டுக்கு நாடு மாறும்.

உங்கள் இடத்துக்கு என் யோசனை: சாலைப் பக்கம் நெருக்கமான கம்பிவலை வேலி, இடுப்பளவுக்குக் குறையாமல். அதன் உள்பக்கம் ஆட்டின் மூக்கு உயரத்தில் எனர்ஜைசர் (மின்வேலிக்கு விட்டு விட்டு ஷாக் அனுப்பும் கருவி) இணைத்த ஒரே ஒரு மின்கம்பி. இதனால் ஆடு வலையில் முன்னங்காலை ஊன்றி ஏறுவதும், உடம்பைத் தேய்த்துச் சாய்ப்பதும் நின்றுவிடும். தோட்டத்துக்கும் மேய்ச்சலுக்கும் நடுவே வேண்டுமானால் இடம் மாற்றக்கூடிய மின்வலை போடலாம், 4,000 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் ஆடு மதிக்கும். ஆனால் கொம்புள்ள ஆடும் குட்டியும் அந்த வலையில் சிக்கிக்கொண்டால் உயிர் போகும். கண் பார்வையில் இருக்கும் நேரத்துக்கு மட்டும் வலையை வையுங்கள். கரண்ட் இல்லாத வலையை ஆட்டுக்கு முன்னால் ஒருபோதும் விட்டு வைக்காதீர்கள்.